விரல் இறுக்கம்

ஓரெஸ்ட் சாப்பாட்டு மேசையில் பழைய கம்பளியை நான்காக மடித்து விரித்து, அதன் மேல் மனைவியின் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்திருந்தான். பக்கத் தகட்டைக் கழற்றியாகிவிட்டது. விசிறிகள் இரைந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது கட்டைவிரல் கனத்தில் குழாய்கள் வளைந்து கிடந்தன. அவன் கையில் ஒரு சின்னக் காற்றுப் பம்ப். சைக்கிளுக்கு அடிப்பதைப் போலத்தான், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் தலையில் வட்டமாக ஓர் அளவுமானி. மெதுவாக அடித்தான். முள் ஏறி, மானியின் கண்ணாடியில் அவன் பேனாவால் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றது. வால்வை மூடிவிட்டு, தூளியை ஆட்டி நிறுத்தியவன் போல ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்தான்.

தண்ணீர் விடுவதற்கு முன்னால் காற்று விட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். கம்ப்யூட்டருக்குள் சூடேறுகிற சில்லுகளின் முதுகில் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். காரில் இருக்கிற அதே சங்கதிதான், அளவில் சிறியது. அங்கே ஆறி, அக்ரிலிக் குடுவைக்கு வந்து, பம்ப் தள்ள மறுபடியும் சில்லுக்கு. காற்றைவிடத் தண்ணீர் எத்தனையோ மடங்கு சூட்டைச் சுமக்கும் என்பதால் விசிறிகள் வெறிபிடித்துச் சுற்ற வேண்டியதில்லை. பேருக்குச் சுற்றினால் போதும். எல்லாம் அழகுதான், ஒரு தொல்லையைத் தவிர. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் விரலகல இடைவெளியில் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால்தான் முதலில் காற்று. எங்காவது ஓட்டை இருந்தால் காற்று வெளியேறும், முள் இறங்கும், எதற்கும் சேதமில்லை.

ஓரெஸ்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால் பிற்பகல் வரைக்கும் வீட்டில்தான். வின்னிபெக்கின் ஜனவரியில் அந்த இடைவெளியை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஆளுக்கொரு வழி. சிலர் ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்தார்கள். அவன் கம்ப்யூட்டர்களுக்குள் தண்ணீர் ஓடவிட்டான். தனக்கென்று மூன்று செய்திருந்தான். அவற்றில் இரண்டை விற்றாயிற்று, மூன்றாவது மூழ்கிச் செத்தது. எங்கோ ஒரு மூட்டில் கசிந்த நீர், எரிந்த பிளாஸ்டிக்கும் வெல்லப்பாகும் கலந்தாற்போல ஒரு வாடை, அவ்வளவுதான். அந்த வாடை இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. இயல்பிலேயே பயந்தவன். பேருந்துக்கு அடியில் இரண்டு தடவை குனிந்து பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டான்.

மேசையில் கிடந்தது அவனுடையதாக இருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. அது லெஸ்யாவின் பிழைப்பு. அவள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவள். டொராண்டோவில் உள்ள ஒரு பதிப்பகம் நாவல்களை அனுப்பும். படுக்கையறைத் துணி அலமாரிக்குள், தொங்குகிற குளிர்கால மேலங்கிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கின் முன் வாசிப்பாள். கம்பளி மேலங்கிகளைப் போல எதிரொலியை விழுங்குகிறது வேறு எதுவுமில்லை. உள்ளே போவதற்கு முன்னால் ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்குவாள், நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைப்பாள். ஃபர்னஸின் ஊதல் சுவர் வழியாக ஏறி மைக்குக்கு வந்துவிடும். வெளியே மைனஸ் முப்பது என்றாலும் அப்படித்தான். அவள் வாசிக்கிற நேரத்தில் வீட்டுக்குள் எல்லோரும் ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு திரிவார்கள். எல்லோரும் என்றால் ஓரெஸ்டும் பூனையும்.

இத்தனை செய்தும், அலமாரிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரை அடக்க முடியவில்லை. அது ஓரெஸ்ட் விளையாட்டுகளுக்காகக் கட்டி, பிறகு அவளுக்குக் கொடுத்தது. கொஞ்சம் சூடேறினால் விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். இரண்டு புத்தகங்கள் திரும்பி வந்தன. குரலுக்கு அடியில் ஏதோ முனகுகிறது என்றார்கள். மென்பொருளால் முனகலைத் துடைத்து அனுப்பினால், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். இப்போது ஒரு பெரிய குடும்ப நாவல் வந்திருந்தது. கூடவே மிகவும் மரியாதையாக ஒரு செய்தி: இதிலும் அப்படி இருந்தால் வேறு வாசிப்பாளரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கு என்ன அர்த்தம் என்று லெஸ்யாவுக்குத் தெரியும். இதற்கு முன் ஒன்பது வருடம் அவள் வாகன அபராதங்களுக்கான புகார்த் தொலைபேசியில் இருந்தாள். காதில் ஹெட்செட், அதில் நாளெல்லாம் வசவு.

ஓரெஸ்ட் தண்ணீர் யோசனையைச் சொன்னபோது அவனுடைய நண்பன் கோர்ட்தான் முதலில் சிரித்தான். இருவரும் இந்தக் கிறுக்கு பிடித்தவர்களுக்கான இணைய மன்றம் ஒன்றில் அறிமுகமானவர்கள்.

"டேய், அவளுக்கு வேண்டியது விசிறியில்லாத ஒரு சின்ன லேப்டாப். குழாயத் திறந்து ஒரு டம்ளர் தண்ணி குடுடான்னா, நீ அணை கட்டப் போற."

அது உண்மைதான் என்று ஓரெஸ்டுக்குத் தெரியும். ஆனாலும் அணை கட்டத் தெரிந்தவனுக்குக் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வராது. பதிவை வெட்டி ஒட்டுகிற வேலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்றெல்லாம் அவளிடம் விளக்கினான். லெஸ்யா பொறுமையாகக் கேட்டாள்.

"உன் கம்ப்யூட்டர் செத்தப்ப நீ ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வச்சிருந்த. என்னோடது செத்தா நான் திரும்ப அந்த ஹெட்செட்ட மாட்டிக்கணும். அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு செய்."

அதை மனசில் வைத்துக்கொண்டுதான் செய்தான். அதுவேதான் வினையாயிற்று.

முதல் நாள் முள்ளைக் கோட்டில் நிறுத்திவிட்டு அவன் நடைபாதைப் பனியை வாரப் போனான். லெஸ்யா அலமாரிக்குள் இருந்தாள். நாவலைப் பதிவு செய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரலை முடிவு செய்து, மறந்துபோகாமலிருக்கக் கையடக்கமான ரெக்கார்டரில் பதித்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். பனியை வாரிவிட்டு உள்ளே வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தான். முள் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு மயிரிழைதான். கண்ணை இடுக்கிப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். கீழேதான் இருந்தது.

மயிரிழை என்றாலும் இறக்கம் இறக்கம்தான். காற்றைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றினான், ரப்பர் வளையங்களைத் துடைத்தான், மறுபடி பூட்டினான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழாயைக் குடுவையோடு சேர்க்கிற பித்தளை இணைப்பின் கழுத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நீரைத் தடுப்பது மரை அல்ல, அந்த வளையம்தான். அது லேசாக நசுங்கினால் போதும். அதற்கு இரண்டு விரலின் பலம் தாராளம். அதற்கு மேல் திருகுகிற ஒவ்வொரு சுற்றும் தண்ணீரைத் தடுக்கப் போவதில்லை, அக்ரிலிக்கைத்தான் பிளக்கப் பார்க்கும். அக்ரிலிக் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் குணத்தில் அழுத்தக்காரன். உடனே உடையாது, வலியை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். மன்றத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு ஓரெஸ்ட் இதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறான். விரல் இறுக்கம் போதும், ஸ்பேனரை வேறு அறையில் வைத்துவிட்டு வா என்பது அவன் வாக்கியம். மற்றவர்கள் அதை மேற்கோளாக எடுத்துப் போடுவார்கள்.

அவன் போய் ஸ்பேனரை எடுத்து வந்தான். எல்லாவற்றுக்கும் ஒரு கால் சுற்று.

மறுநாளும் முள் இறங்கியது. அதற்கடுத்த நாளும். காலைச் சுற்று முடிந்து வந்து காற்றடிப்பான், லெஸ்யா அலமாரிக்குள் போவாள், அவன் நாற்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கும்போது அசையாது. எழுந்துபோய்த் தேநீர் போட்டுவிட்டு வந்தால் இறங்கியிருக்கும். சோப்புநீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. குமிழே வராத கசிவு இன்னும் மோசமானதாகத் தோன்றியது, முகம் காட்டாத திருடனைப் போல. மறுபடி ஒரு கால் சுற்று. கடைசித் தடவை குடுவையின் அடியிலிருந்த இணைப்பில் ஸ்பேனர் கிறீச்சிட்டது. மரை சரியாக உட்காருகிற சத்தம் என்று சொல்லிக்கொண்டான். பேருந்து ஓட்டும்போதும் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அவன் கண்ணுக்குள் முள்தான் நின்றது. சாப்பிடும்போது லெஸ்யா முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் அவளுடைய பயம் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் நேரமாகிவிட்டதால், இறங்கிய முள்ளை அப்படியே விட்டுவிட்டுப் பிற்பகல் சுற்றுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது லெஸ்யா வேலையை முடித்துவிட்டு அடுப்பில் போர்ஷ்ட் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பூத்திருந்த உறைபனி ஓரங்களில் உருகி வழிந்தது. அவன் பழக்கத்தால் குனிந்து பார்த்தான்.

முள் கோட்டில் நின்றது.

யாரும் தொடவில்லை. பம்ப் மூடிய வால்வோடு அவன் வைத்த இடத்திலேயே கிடந்தது. போன காற்று தானாகத் திரும்பி வருமா? பூனையைப் பார்த்தான். பூனை அவனைப் பார்த்தது. கையிலிருந்த உறைகளைக் கழற்றி ஃபர்னஸின் காற்று வருகிற தரைத் துவாரத்துக்கு மேல் வெறுங்கையைப் பிடித்தான். வெதுவெதுப்பாக ஏறியது.

கசிந்த காற்று திரும்பி வராது. குளிர்ந்த காற்று திரும்பி வரும். அடைத்த பாத்திரத்துக்குள் காற்று குளிர்ந்தால் சுருங்கும், அழுத்தம் குறையும், சூடானால் பழையபடி விரியும். குளிர்கால விடியலில் பேருந்து டயர்கள் தொய்ந்து நிற்பதை வருடா வருடம் பார்க்கிறவன் அவன். லெஸ்யா ஃபர்னஸை அணைத்தபோதெல்லாம் முள் இறங்கியிருக்கிறது. அவன் பதறிப் பிரித்துப்போட்டதால், அது ஏறுவதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஓட்டை என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

சமையலறைக்குப் போய் அவளிடம் விளக்கினான். கையால் காற்றைச் சுருக்கியும் விரித்தும் காட்டினான். லெஸ்யா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ இத்தன நாளா நீ ரிப்பேர் பாத்தது என் ஃபர்னஸயா?"

இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கே காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினான். மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றினான். முதலில் வயிறு பொருமுகிற மாதிரிக் களகளவென்றது, பிறகு அடங்கியது. இணைப்புகளுக்கு அடியில் வைத்த காகிதத் துணிகள் உலர்ந்தே இருந்தன. படுக்கையறையில் கொண்டுபோய் வைத்து முழுதாக இயக்கினான். லெஸ்யா வந்து நின்று, இன்னும் போடவில்லையா என்று கேட்டாள். போட்டாகிவிட்டது என்றான். அவள் குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. அவன் தொப்பியை இழுத்து அவன் கண்ணை மறைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் அத்தியாயங்களைக் கேட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று பதிப்பகம் எழுதியது. லெஸ்யா தினமும் வாசித்தாள். கதையில் நான்கு பேர் செத்தார்கள், இரண்டு கல்யாணம் நடந்தது. ஓரெஸ்ட் கொஞ்ச நாள் பயமில்லாமல் இருந்தான். அது அவனுக்கே விநோதமாக இருந்தது.

நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மறுநாள் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். பனிப்புயலால் பேருந்துகளை நிறுத்தியிருந்த அன்று காலை, தூசி தட்டுவதற்காகப் பக்கத் தகட்டைத் திறந்தபோதுதான் பார்த்தான். குடுவையின் அடியில், கடைசியாக ஸ்பேனர் போட்ட இணைப்பின் கழுத்திலிருந்து ஒரு வெள்ளி இழை கிளம்பி அக்ரிலிக்குக்குள் ஏறியிருந்தது. கோணத்தை மாற்றினால் மறைந்தது, திரும்பினால் மின்னியது. ஒரு நகத்தின் நீளம். துடைத்தான். போகவில்லை. நகத்தால் வருடினான். மேற்பரப்பில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இழை உள்ளே இருந்தது. தினமும் வீடு குளிர்ந்து சூடேறக் குளிர்ந்து சூடேற, அவன் கைபலத்தை உள்ளே அடக்கிவைத்திருந்த அக்ரிலிக் அதை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். சொல்லாமல் விட்டுவிடலாம். இன்னும் ஓர் அத்தியாயம்தானே, இத்தனை நாள் தாங்கியது தாங்காதா? ஆனால் அலமாரிக்குள் அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே இதைத் தனியாகத் தெரிந்துகொண்டு இருக்க அவனால் முடியாது. லெஸ்யா வெந்நீர்க் கோப்பையோடு உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டார்ச் அடித்துக் காட்டினான்.

"இது எப்போ உடையும்?"

"தெரியல. இன்னிக்கே உடையலாம். அடுத்த வருஷம் வரைக்கும் இப்படியே இருந்தாலும் இருக்கும்."

"ஒடஞ்சா?"

"நேர் கீழதான் கிராஃபிக்ஸ் கார்டு. அது மேல சொட்டும். கரண்ட் இருக்கறப்ப சொட்டுச்சுன்னா அவ்ளோதான்."

புதுக் குடுவைக்கு ஆர்டர் போட்டால் பனிப்புயலில் எப்போது வரும் என்று தெரியாது. தண்ணீரை வடித்துப் பசை தடவினால் காய்ந்து சேரவே நாளை மாலை ஆகிவிடும். பழைய விசிறிகளைத் திரும்பப் பூட்டலாம். கடைசி அத்தியாயம் மட்டும் முனகும். அவளுடைய சின்ன ரெக்கார்டரில் பதித்தால் குரல் மற்ற அத்தியாயங்களோடு ஒட்டாது. கோர்டைக் கூப்பிட்டு லேப்டாப் கேட்கலாம் என்றால், நேற்று மாலையிலிருந்து நெடுஞ்சாலையை மூடிவைத்திருக்கிறார்கள், அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றாகச் சொன்னான். இது ஏன் வந்தது என்பதையும் சொன்னான். ஸ்பேனரையும் மறைக்கவில்லை.

லெஸ்யா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த இழையையே பார்த்தாள்.

"விரலே போதும்னு ஊருக்கெல்லாம் எழுதுவியே."

"பயந்துட்டேன் லெஸ்யா."

"எதுக்கு?"

"கசிஞ்சுருமோன்னு."

அவள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். பாதிச் சிரிப்பு மாதிரி இருந்தது, பாதி வேறு எதுவோ. பிறகு எழுந்து ஃபர்னஸை அணைக்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது முடிவு செய்துவிட்டிருந்தாள். ஏற்கெனவே பதிவான அத்தியாயங்களெல்லாம் வேறொரு வட்டில் நகலாக இருந்தன, அவற்றுக்குப் பயமில்லை. இதை இப்போதே வாசிக்கப் போகிறாள். கடைசிப் பகுதியில், கதையில் வரும் தாய் தன் பிள்ளைக்கு எழுதாமல் விட்டதையெல்லாம் நினைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதை நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் வாசித்தால்தான் குரல் கலையாமல் நிற்கும், அதுவும் ஒரு தடவைதான் வரும். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஓட்டம் மொத்தமும் போய்விடும். அவன் கம்ப்யூட்டரின் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். இருமக் கூடாது, அசையக் கூடாது. பின்பக்கத்து மின்விசையில் விரலை வைத்துக்கொண்டு இழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தண்ணி வந்தா அமுக்கு, என்னக் கேக்காத. ஆனா ஓரெஸ்ட், பயத்துல அமுக்கிடாத. பாத்துட்டு அமுக்கு."

கதவு சாத்திக்கொண்டது. மேலங்கிகள் உரசுகிற சத்தம் அடங்கியது. பிறகு கம்பளிகளையும் மரத்தையும் தாண்டி, பக்கத்து வீட்டில் யாரோ தனக்குத்தானே பேசுவது போல அவள் குரல் தொடங்கியது.

அவன் கார்டின் மேல் மடித்த காகிதத் துணியை வைத்திருந்தான். அது வாங்கித் தருவது சில நொடிகள்தான். இடது கையில் டார்ச். வலது கை பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய், ஆள்காட்டி விரல் விசையின் மேல் இருந்தது. முழங்கால் மரத்தது. வீடு குளிரத் தொடங்கியது. முதலில் தரை, பிறகு சுவர், பிறகு மூக்கின் நுனி. இப்போது குடுவையும் குளிர்ந்துகொண்டிருக்கும், சுருங்கிக்கொண்டிருக்கும். அக்ரிலிக் ஒரு வேகத்தில், பித்தளை வேறொரு வேகத்தில். இழை நீண்டுவிட்டதா? கண் சிமிட்டாமல் பார்த்ததில் எல்லாமே நீண்டதாகத் தெரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் லெஸ்யாவின் குரல் தாழ்ந்தது. அந்த இடம் வந்துவிட்டது. அந்தத் தாய் துவைத்த படுக்கைவிரிப்பை மடிக்கிறாள், மடிக்கும்போது பிள்ளைக்கு ஒருபோதும் எழுதாத கடிதத்தின் வரிகள் அவளுக்குத் தோன்றுகின்றன, விரிப்பின் ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்க்கிறாள், அவனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல், அவன் ஒளித்துவைத்த நாய்க்குட்டி, மறுபடி ஒரு மடிப்பு... வாக்கியம் முடியாமல் போய்க்கொண்டேயிருந்தது.

இழையின் நுனியில் ஏதோ மினுங்கியது.

விரல் விசையை அழுத்தத் தொடங்கி, நின்றது. அவன் டார்ச்சைச் சாய்த்தான். மினுக்கம் போகவில்லை. முகத்தை நெருக்கத்தில் கொண்டுபோனான். அக்ரிலிக்கின் மேல் ஈரம் பூத்திருந்தது, மெல்லிய, வெள்ளையான ஈரம், இழையின் நுனியைச் சுற்றி வட்டமாக. உள்ளிருந்து வந்ததா? இல்லை, இந்தக் குளிரில் இவ்வளவு பக்கத்தில் அவன் விட்ட மூச்சு படிந்ததா? இரண்டும் தண்ணீர்தான், இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். ஆனால் மூச்சின் ஈரம் என்றால் கொஞ்ச நேரத்தில் ஆறிப் போய்விடும். கசிவு என்றால் அப்படியே இருக்கும்.

மூச்சை அடக்கிக்கொண்டான். விரல் விசையின் மேல் பாதி அழுத்தத்தில் நின்றது. வெண்படலம் ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது, மிக மெதுவாக, ஒரு நாணய அகலம், ஒரு சட்டைப் பொத்தான் அகலம், இழையின் நுனியை நோக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் லெஸ்யா வாசிப்பை ஒரு கணம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே வாசித்தாள்.